சூடோமோனாஸ்னு ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி: மெலியோய்டோசிஸை கண்டுபிடிக்கறது எப்படி

மழை ஆரம்பிச்சாச்சு. இனி டிசம்பர் முடியற வரைக்கும் காய்ச்சல் வார்டுல பெட் கிடைக்காது. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், இந்த மூணையும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் ஹவுஸ் சர்ஜன் சொல்லிடுவாங்க, அதுக்கான டெஸ்ட்டும் அட்மிஷன் அன்னைக்கே போயிடும். அதே மழையில அதே சேத்துல இருந்து வர்ற இன்னொரு கிருமி இருக்கு, பேரு பர்கோல்டேரியா சூடோமல்லை, அது குடுக்கற நோய்தான் மெலியோய்டோசிஸ். அதை வார்டுல யாரும் கேக்கறதில்ல, லேப்ல பிளேட் முழுக்க வளர்ந்து நின்னாலும் பாதி இடத்துல யாரும் அடையாளம் கண்டுக்கறதும் இல்ல.

இதுல எனக்கு எரிச்சலே என்னன்னா, இது வளர்க்க கஷ்டமான கிருமியே கிடையாது. சாதா ப்ளட் அகர்ல வளரும், மெக்காங்கி அகர்ல வளரும் (ரெண்டும் லேப்ல வழக்கமா கிருமி வளர்க்கற பிளேட்), ப்ளட் கல்ச்சர் பாட்டில்ல பெரும்பாலும் ரெண்டு நாளுக்குள்ள சிக்னல் அடிச்சிடும். ஆக்ஸிடேஸ் டெஸ்ட்டும் (கிருமியில ஒரு என்சைம் இருக்கான்னு பாக்கறது) மூணு ஆன்டிபயாடிக் டிஸ்க்கும் இருந்தா தாலுகா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற சின்ன லேப்லயே சந்தேகத்தை கிளப்பிடலாம். அப்படியும் தப்பிச்சு போகுதுன்னா, வார்டுல இருக்கறவர் சந்தேகத்தை ஃபார்ம்ல எழுதல, லேப்ல இருக்கறவர் "சூடோமோனாஸ் ஸ்பீஷிஸ்"னு வேற ஒரு கிருமிக் குடும்பத்தோட பேரை எழுதி முடிச்சிட்டாரு, ரெண்டு பேரும் போன் பண்ணி பேசிக்கல, அவ்ளோதான் காரணம். அதனால இந்த கைடு ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துதான், மைக்ரோபயாலஜி பிஜி, லேப் டெக்னீஷியன், மெடிசின் வார்டு டாக்டர் எல்லாரும் முழுசா படிங்க, உங்க பகுதியை மட்டும் படிச்சிட்டு போயிடாதீங்க.

"புதுசா கிளம்பின நோய்"னு பேப்பர்ல போடுவாங்க, நம்பாதீங்க. 1911ல ரங்கூன்ல விட்மோர்னு ஒரு பேத்தாலஜிஸ்ட்டும் அவர்கூட வேலை பார்த்த கிருஷ்ணசாமியும் போஸ்ட்மார்ட்டத்துல இதை பிடிச்சாங்க, செத்தவங்க நிறைய பேரு மார்ஃபின் ஊசி பழக்கம் உள்ளவங்க, பாக்க குதிரைக்கு வர்ற கிளாண்டர்ஸ் மாதிரியே இருந்துச்சு ஆனா கிருமி வேற. 1927லயே இலங்கையில ஒரு டீ வியாபாரிக்கு வந்ததை எழுதி வெச்சிருக்காங்க. இந்தியாவுல 1991ல மும்பையில ஒரு குழந்தைக்கு வந்ததுல இருந்து ரிப்போர்ட் வர ஆரம்பிச்சுது, அப்புறம் வேலூர், மணிப்பால், புதுச்சேரின்னு எங்கெல்லாம் தேடினாங்களோ அங்கெல்லாம் கிடைச்சுது. 2016ல வந்த ஒரு கணக்கீடு உலகத்துல வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு வருது, 89,000 பேர் சாகறாங்கன்னு சொல்லுது, அதுல 44 சதவீதம் தெற்காசியாவுல. அது மாடல் போட்டு எடுத்த கணக்கு, நேர்ல எண்ணினது இல்ல, இருந்தாலும் நம்ம லேப் ரெஜிஸ்டர்ல இருக்கற நம்பரையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, எவ்ளோ பேர் பேரில்லாம போயிருக்காங்கன்னு புரியும்.

யாரை பாத்தா சந்தேகப்படணும்

முதல் விஷயம் சுகர். கன்ட்ரோல் இல்லாத சுகர், அதுவும் இந்த அட்மிஷன்லதான் முதல் தடவையா தெரிய வந்த சுகரா கூட இருக்கலாம். அதுக்கப்புறம் குடிப்பழக்கம், கிட்னி ஃபெயிலியர், தலசீமியா, நாள்பட்ட நுரையீரல் நோய், ஸ்டீராய்டு மாத்திரை. நாட்டு மருந்துன்னு சொல்லி மூட்டு வலிக்கு வாங்கி சாப்பிடற பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்க சான்ஸ் உண்டு, "மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா இல்லம்பாங்க, "மூட்டு வலிக்கு பொடி, லேகியம் ஏதாவது?"ன்னு தனியா கேளுங்க. இதெல்லாம் எதுவும் இல்லாம நல்லா இருக்கற ஆளுக்கும் வரும், ஆனா சீரியஸா போறவங்கள்ல பெரும்பாலும் இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும்.

ரெண்டாவது மண்ணும் தண்ணியும். கிருமி இருக்கறது மண்ணுக்குள்ள, மழை பெஞ்சா மேல வரும். நடவு, களையெடுப்பு, வாய்க்கால் வெட்டற வேலை, கட்டட வேலை, வெள்ளத் தண்ணியில நடந்து போனது, கால்ல வெடிப்போட சேத்துல நின்னது, இதையெல்லாம் கேக்கணும். தோல் வழியாதான் பெரும்பாலும் உள்ள போகும், புயல் காத்தோட மழையில மூச்சு வழியாவும், சுத்தம் பண்ணாத தண்ணி குடிச்சும் வரலாம். ஆளுக்கு ஆள் ஒட்டறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதனால வார்டுல பீதி கிளப்ப வேணாம். ஆஸ்திரேலியாவுல டார்வின் பக்கம் கேஸ்ல பெரும்பகுதி மழை சீசன்லதான் வருது, நம்ம பக்கம் வடகிழக்கு பருவமழை, மங்களூர் உடுப்பி பக்கம் தென்மேற்கு. அந்தந்த ஊர் மழையை வெச்சு உங்க கேலண்டரை போட்டுக்கங்க.

நாள் கணக்கும் ஏமாத்தும். மண்ணு பட்டு 1 நாள்லயும் வரலாம் 21 நாள்லயும் வரலாம்னு பொதுவா சொல்றது, ஆனா உள்ள போய் பல வருஷம் சும்மா படுத்துட்டு சுகர் வந்த பிறகு எழுந்திருக்கிறதும் உண்டு. இரண்டாம் உலகப்போர்ல தூர கிழக்குல கைதியா இருந்த ஒருத்தருக்கு 62 வருஷம் கழிச்சு வந்ததா எழுதியிருக்காங்க. அதனால "போன வாரம் வயலுக்கு போனீங்களா"ன்னு மட்டும் கேட்டு இல்லன்னதும் அடிச்சு விட்டுடாதீங்க. பத்து வருஷம் முன்னாடி வரைக்கும் நடவு நட்டுட்டு இப்ப சென்னையில அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேனா இருக்கறவருக்கும் வரலாம். இன்னொண்ணு, 2021ல அமெரிக்காவுல நாலு மாநிலத்துல நாலு பேருக்கு வந்துச்சு, ஒருத்தரும் வெளிநாடு போனதில்ல, ரெண்டு பேர் செத்தாங்க, ஒண்ணு குழந்தை. ஜீனோம் பாத்தா தெற்காசிய கிருமி மாதிரி இருக்கு, கடைசியில தேடிப் பிடிச்சா இந்தியாவுல தயாரான ஒரு ரூம் ஸ்ப்ரே பாட்டிலுக்குள்ள இருந்துச்சு. ஹிஸ்டரி ஒத்து வரலங்கறதுக்காக கல்ச்சர் சொல்றதை ஒதுக்கக் கூடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

மூணாவது, நோய் காட்டற முகம். கிட்டத்தட்ட பாதி பேருக்கு நிமோனியாவா வரும், அதுல சிலருக்கு ரெண்டு நாள்ல வென்டிலேட்டர் வரைக்கும் போயிடும். சிலருக்கு மெதுவா, மேல் லோப்ல நிழல், கேவிட்டி, எடை குறைவு, மாலை காய்ச்சல், அச்சு அசல் டிபி. சளியில டிபி கிருமி தேடற ஏஎஃப்பி நெகட்டிவ், டிபி ஜீனை தேடற ஜீன் எக்ஸ்பர்ட்டும் நெகட்டிவ், இருந்தாலும் படத்தை பாத்து ஏடிடி (டிபி மருந்து) ஆரம்பிச்சு ரெண்டு மாசமாகியும் ஆள் தேறலன்னா அங்க நிறுத்தி யோசிங்க. அப்புறம் ஆப்செஸ், அதாவது சீழ் கட்டி. கல்லீரல்ல ஒரே பெரிய கட்டின்னா நம்ம ஊர்ல அமீபா, க்ளெப்சியெல்லா நிறைய, ஆனா சிடில சின்ன சின்னதா தேன்கூடு மாதிரி அறை அறையா தெரிஞ்சா, கூடவே மண்ணீரல்லயும் சின்ன சின்ன கட்டிங்க இருந்தா, அந்த ஜோடி சாதாரணமா வராது. சுகர் பேஷன்ட், கல்லீரலும் மண்ணீரலும் சேர்ந்து சீழ், இதை பாத்தா நான் வேற எதையும் யோசிக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் யோசிப்பேன். ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்டுக்குள்ள சீழ் கட்டும், யூரின் போக முடியலன்னு வருவாங்க, சிடி எடுக்கும்போது வயிறோட நிறுத்தாம இடுப்பெலும்பு வரைக்கும் எடுக்க சொல்லுங்க. மூட்டுல சீழ், எலும்புல சீழ், ஆறாத தோல் புண், மூளையிலயும் வரும் ஆனா கம்மி. குழந்தைங்களுக்கு ஒரு பக்க கன்னம் வீங்கி பரோட்டிட் சுரப்பிக்குள்ள சீழ், தாய்லாந்துல இது ரொம்ப சகஜம். அம்மைக்கட்டுன்னு வேப்பிலை அரைச்சு போட்டுட்டு இருப்பாங்க, ஆனா அம்மைக்கட்டு சீழ் பிடிக்காது.

செஃப்ட்ரியாக்சோன் போட்டு மூணு நாளாச்சு, டாக்சிசைக்ளினும் போயிட்டு இருக்கு, காய்ச்சல் இறங்கல, டெங்கு நெகட்டிவ், ஸ்க்ரப் நெகட்டிவ், சுகர் 350. இந்த மாதிரி ஒருத்தர் இப்பவே உங்க வார்டுல எங்கயாவது படுத்திருப்பாரு.

என்ன சாம்பிள், எப்படி அனுப்பறது

ப்ளட் கல்ச்சர் கண்டிப்பா, ஆன்டிபயாடிக் மாத்தறதுக்கு முன்னாடி, முடிஞ்சா ரெண்டு செட். ஆனா அதோட நிறுத்தினீங்கன்னா கோட்டை விட்டுடுவீங்க. இந்த கிருமி மனுஷன் உடம்புல நார்மலா குடியிருக்காது, எங்க இருந்து ஒரே ஒரு காலனி (பிளேட்ல வளர்ந்த கிருமிப் புள்ளி) கிடைச்சாலும் அது நோய்தான், அதனால கிடைக்கற இடத்துல இருந்தெல்லாம் எடுங்க: தொண்டை ஸ்வாப், சளி, யூரின், மலவாய் ஸ்வாப், புண்ணு இருந்தா புண்ணுல இருந்து, சீழ் இருந்தா சீழை சிரிஞ்ச்லயே. சீழை ஸ்வாப்ல தொட்டு அனுப்பறது சுத்த வேஸ்ட், அரை எம்எல்லாவது உறிஞ்சி அனுப்புங்க. யூரினை லேப்ல சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி அடியில இருக்கறதை போடணும், யூரினரி அறிகுறி இல்லாதவங்களுக்கும் சேர்த்து அனுப்பணும். யூரின்ல வழக்கமா பாக்கற காலனி கவுன்ட் கணக்கெல்லாம் இங்க செல்லாது, ஆயிரத்துக்கு கீழனு சொல்லி தூக்கி போடக் கூடாது. சாம்பிளை ஃபிரிட்ஜ்ல வைக்காம ரூம் டெம்பரேச்சர்லயே சீக்கிரம் அனுப்பிடுங்க.

அப்புறம் அந்த ரிக்வெஸ்ட் ஃபார்ம். "காய்ச்சல், சி/எஸ்"னு (கல்ச்சர், சென்சிடிவிட்டி) மட்டும் எழுதி வர்ற ஃபார்மை வெச்சு லேப்ல ஒண்ணும் பண்ண முடியாது சார். "சுகர், 10 நாள் காய்ச்சல், கல்லீரல் மண்ணீரல் ஆப்செஸ், விவசாயி, மெலியோய்டோசிஸ் சந்தேகம்"னு ஒரு வரி எழுதினீங்கன்னா மூணு விஷயம் நடக்கும். நாங்க செலக்டிவ் மீடியாவுல (மத்த கிருமியை அடக்கி இதை வளர விடற பிளேட்) போடுவோம், பிளேட்டை ரெண்டு நாள்ல தூக்கி போடாம வெச்சிருப்போம், காத்தை வடிகட்டற பாதுகாப்பு கேபினெட்டுக்குள்ள வெச்சு திறப்போம். அந்த மூணாவது எங்க உயிர் சம்பந்தப்பட்டது, அதனால எழுதறதை ஒரு மரியாதையாவும் எடுத்துக்கங்க.

பிளேட்டை திறக்கறதுக்கு முன்னாடி

மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாக்காதீங்க. பழைய ஆளுங்க நிறைய பேருக்கு பிளேட்டை மோந்து பாத்தே சூடோமோனாஸ்னு சொல்ற பழக்கம் உண்டு, அதை ஒரு திறமையாவே பெருமையா சொல்லுவாங்க. இந்த கிருமிக்கும் ஒரு மண்வாசம் இருக்குன்னு எழுதியிருக்காங்க, எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். மூச்சு வழியா உள்ள போனா நோய் வரக்கூடிய கிருமி இது, அமெரிக்காவுல ரொம்ப ஆபத்தான கிருமிகள் பட்டியல்ல ஆந்த்ராக்ஸோட சேர்த்து வெச்சிருக்காங்க. சந்தேகம் வந்த நிமிஷத்துல இருந்து கிளாஸ் 2 கேபினெட், க்ளவுஸ், என்95, பிளேட்டுக்கு டேப் ஒட்டி மூடறது. வோர்டெக்ஸ், சென்ட்ரிஃப்யூஜ், லூப்பை நெருப்புல காட்டி தெறிக்க விடறது, இதெல்லாம்தான் ஆபத்தான வேலைங்க. சர்க்கரை உள்ள டெக்னீஷியன், கர்ப்பிணி டெக்னீஷியன் இந்த பெஞ்சுல வேணாம், வேற ஆளை போடுங்க. ஏற்கனவே தெரியாம ஓபன் பெஞ்சுல வேலை பாத்துட்டீங்கன்னா பயந்து ஓட வேணாம், யார் யார் எவ்ளோ நெருக்கமா இருந்தாங்கன்னு எழுதி வெச்சுட்டு டாக்டர்கிட்ட பேசுங்க, ரிஸ்க் அதிகம்னா கோட்ரைமாக்சசோல் 21 நாள் குடுக்கறது வழக்கம், மூணு வாரம் காய்ச்சல் பாத்துட்டே இருக்கணும்.

பிளேட்ல என்ன தெரியும்

கிராம் ஸ்டெயின்ல மெலிசான கிராம் நெகட்டிவ் குச்சி, ரெண்டு முனையிலயும் சாயம் அடர்த்தியா ஏறி நடுவுல வெளுத்து இருக்கும், சேஃப்டி பின் தோற்றம்னு புக்ல போடறது இதைத்தான். ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, வேற பல கிருமியும் அப்படி காட்டும், சில சமயம் இதுவே அப்படி காட்டாது. சீழ்ல நேரடியா பாக்கும்போது ரொம்ப கம்மியாதான் கண்ணுல படும்.

முதல் நாள் ப்ளட் அகர்ல பாத்தா ஏமாந்துடுவீங்க. 24 மணி நேரத்துல சின்னதா, வழவழன்னு, க்ரீம் கலர்ல, ஒரு விசேஷமும் இல்லாம இருக்கும். மெக்காங்கில நிறமில்லாம, லேக்டோஸ் நொதிக்காத எந்த கிருமி மாதிரியும் இருக்கும். பெரும்பாலான லேப்ல இந்த கட்டத்துலயே டெஸ்ட் போட்டு அடுத்த நாள் ரிப்போர்ட் போயிடுது, பிளேட் ஆட்டோகிளேவுக்கு போயிடுது. அதே பிளேட்டை 48, 72 மணி நேரம் வெச்சு பாருங்க. வழவழப்பு போய் மேல ஒரு உலோகப் பளபளப்பு வரும், அப்புறம் காலனி காய ஆரம்பிச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு மடிப்பு மடிப்பா வெயில்ல போட்ட வடாம் மாதிரி சுருங்கும், மெக்காங்கில லேசா ரோஸ் ஏறும். லூப்பால தொட்டா சிலது முழு காலனியா நகரும். இப்ப அடுத்த ஆபத்து என்னன்னா, இப்படி வறண்டு சுருங்கின காலனியை பாத்ததும் "ஏதோ பேசில்லஸ், காத்துல இருந்து விழுந்தது, கன்டாமினேஷன்"னு சொல்லி ஒதுக்கறது. கிராம் பண்ணி பாக்காம அந்த முடிவுக்கு வராதீங்க. எல்லா ஸ்ட்ரெயினும் சுருங்காது, வழவழன்னே நிக்கறதும் உண்டு, ஒரே பிளேட்ல ரெண்டு மூணு விதமான காலனி இருந்து எல்லாமே இதுவா இருக்கறதும் உண்டு, மிக்ஸட் க்ரோத்னு எழுதிடாதீங்க.

தொண்டை, சளி, மலவாய் ஸ்வாப் மாதிரி வேற கிருமிங்க நிறைய இருக்கற சாம்பிளுக்கு ஆஷ்டவுன் அகர் வேணும். கிளிசரால், கிரிஸ்டல் வயலட், நியூட்ரல் ரெட், கூட ஜென்டமைசின் போட்ட மீடியா, மத்ததெல்லாம் ஜென்டமைசின்ல அடங்கிடும், இது மட்டும் ஊதா கலர்ல சுருங்கி வளரும். மீடியா ரூம்ல இருக்கற பொருளை வெச்சே தயார் பண்ணிக்கலாம், மழை சீசனுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்தி வெச்சுக்கங்க. பிளேட்டை குறைஞ்சது 5 நாள், முடிஞ்சா 7 நாள் வெச்சு தினமும் பாருங்க.

மூணு டிஸ்க்

இதுதான் முக்கியமான இடம். கிராம் நெகட்டிவ் குச்சி, ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், லேக்டோஸ் நொதிக்கல. இந்த மூணும் சேர்ந்தா உடனே ஒரு பிளேட்ல ஜென்டமைசின் 10 மைக்ரோகிராம், கொலிஸ்டின் 10 மைக்ரோகிராம், கோஅமாக்சிகிளாவ் 30 மைக்ரோகிராம், மூணு டிஸ்க்கும் வைங்க. கொலிஸ்டின் டிஸ்க் இல்லன்னா பாலிமிக்சின் பி 300 யூனிட் போதும். மறுநாள் காலையில இன்குபேட்டரை திறந்து பாக்கறப்போ, ஜென்டமைசினை சுத்தி ஸோனே (கிருமி வளராத வட்டம்) இல்லாம டிஸ்க் வரைக்கும் வளர்ந்திருக்கும், கொலிஸ்டினை சுத்தியும் அப்படியே, கோஅமாக்சிகிளாவை சுத்தி மட்டும் நல்ல அகலமான தெளிவான வட்டம். இந்த படம் கண்ணுல பட்டா வேற எதுக்கும் காத்திருக்காம போனை எடுங்க.

ஏன் இது இவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னா, சூடோமோனாஸ் எருஜினோசாவுக்கு பேட்டர்ன் அப்படியே தலைகீழ். அது கோஅமாக்சிகிளாவுக்கு அசையாது, கொலிஸ்டினுக்கு சாதாரணமா அடங்கும். ஐசியூல இருக்கற ரெசிஸ்டன்ட் சூடோமோனாஸ் ஜென்டமைசினுக்கும் அடங்காதுதான், ஆனா கொலிஸ்டின் கேக்காம ஆக்மென்டின் (கோஅமாக்சிகிளாவோட பிராண்ட் பேரு) கேக்கற சூடோமோனாஸை எங்க பாத்திருக்கீங்க? சென்சிடிவிட்டி ரிப்போர்ட்ல அப்படி ஒரு விசித்திரம் வந்தா "டிஸ்க் கெட்டுப்போச்சு போல"னு சொல்லி ரிப்பீட் போட்டு இன்னொரு நாளை இழக்கறாங்க. டிஸ்க் சரியாதான் இருக்கும், கிருமியோட பேருதான் தப்பு. பர்கோல்டேரியா செபேசியாவும் ஜென்டமைசின், கொலிஸ்டின் ரெண்டுக்கும் அடங்காது, ஆனா அது பொதுவா கோஅமாக்சிகிளாவுக்கும் அடங்காது, அங்க பிரிச்சுக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு மனசுல வெச்சுக்கங்க, மலேசியாவுல சரவாக் பக்கம் ஜென்டமைசினுக்கு அடங்கற ஸ்ட்ரெயின் நிறைய, அங்க ஆஷ்டவுன் அகர்லயும் அது வளராது. நம்ம ஆளுங்க அங்க வேலைக்கு போயிட்டு வர்றவங்க இருக்காங்க, கேட்டு வைங்க.

மெஷின் சொல்றதை எவ்ளோ நம்பலாம்

கிருமிக்கு பேர் சொல்ற மெஷின் வைடெக் 2 இதை செபேசியான்னு சொல்றது அடிக்கடி நடக்கறதுதான். ஏபிஐ 20 என்இ ஸ்ட்ரிப் சில சமயம் க்ரோமோபாக்டீரியம் வயலேசியம்னு சொல்லும், பிளேட்ல ஊதா நிறமே இல்லாம இருக்கும்போது கூட சொல்லும். மால்டி டாஃப் மெஷினோட (கிருமியோட புரோட்டீனை வெச்சு பேர் சொல்றது) டேட்டாபேஸ்ல இந்த கிருமி இல்லன்னா பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ்னு வரும், அது கிட்டத்தட்ட மனுஷனுக்கு நோயே குடுக்காத மண்ணு கிருமி. ப்ளட் கல்ச்சர்ல தாய்லாண்டென்சிஸ்னு மெஷின் சொன்னா அது சூடோமல்லைன்னே எடுத்துட்டு அடுத்த வேலையை பாருங்க. அதேமாதிரி, ஹாஸ்பிட்டல்ல வாங்காம வீட்டுல இருந்தே காய்ச்சலோட வந்த சுகர் பேஷன்டுக்கு செபேசியான்னு வந்தா சும்மா கையெழுத்து போடாதீங்க, செபேசியா பெரும்பாலும் ஐசியூ, கேதீட்டர், கெட்டுப்போன ஊசி மருந்துன்னு ஆஸ்பத்திரிக்குள்ள சுத்தற கிருமி. மெஷின் 99 பர்சென்ட்னு போட்டு காட்டுதேன்னு கேப்பாங்க, அதுக்கு தெரிஞ்ச பேருங்களுக்குள்ளதான அது தேடும்.

உறுதிப்படுத்த வழி இருக்கு. தாய்லாந்துல மகிடோல் யூனிவர்சிட்டி ஆளுங்க உருவாக்கின லேடெக்ஸ் அக்ளுட்டினேஷன், காலனியை எடுத்து கலக்கினா கொஞ்ச நேரத்துல திரிதிரியா பிரியும், பிரமாதமான டெஸ்ட், ஆனா எல்லா ஊர்லயும் கிடைக்காது. டைப் 3 செக்ரீஷன் சிஸ்டம் ஜீனை வெச்சு பண்ற பிசிஆர் இருக்கு, காலனியில இருந்து பண்ணா ரொம்ப நம்பகமானது, ரத்தத்துல இருந்து நேரா பண்ணா அவ்ளோ எடுபடாது. நம்ம பக்கம் வேலூர், மணிப்பால் மாதிரி இதுல பல வருஷம் வேலை பாத்த இடங்களுக்கு ஐசொலேட்டை (வளர்த்து பிரிச்ச கிருமி) பேசிட்டு அனுப்பலாம், மூணடுக்கு பேக்கிங்ல, பேப்பரோட, கொரியர்காரன்கிட்ட சும்மா குடுத்து விடக் கூடாது. ஆன்டிபாடி டெஸ்ட் பத்தி கேப்பீங்க, நம்ம மாதிரி மண்ணுலயே கிருமி இருக்கற ஊர்ல நோய் இல்லாதவங்களுக்கும் பாசிட்டிவ் வரும், சீரியஸா இருக்கறவங்களுக்கு நெகட்டிவ் வரும், அதை வெச்சு முடிவெடுக்க வேணாம்.

ரிப்போர்ட்டுக்கு முன்னாடி போன்

உறுதி ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வார்டுல காத்திருக்கக் கூடாது. மூணு டிஸ்க் பேட்டர்ன் வந்ததுமே லேப்ல இருந்து ட்யூட்டி டாக்டருக்கு போன் போகணும், "மெலியோய்டோசிஸ் மாதிரி இருக்கு, செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தி செஃப்டாசிடைம் இல்ல மெரோபெனம் ஆரம்பிக்க முடியுமா பாருங்க"ன்னு. செஃப்ட்ரியாக்சோன் டிஸ்க்ல சில சமயம் ஸோன் நல்லாவே தெரியும், ஆனா பேஷன்ட்கிட்ட அது செஃப்டாசிடைம் அளவுக்கு வேலை செய்யறதில்ல, ஜென்டமைசின் சுத்தமா பிரயோஜனம் இல்ல. 1989ல தாய்லாந்துல உபோன் ராட்சத்தானில பண்ண ஆய்வுல செஃப்டாசிடைம் குடுத்ததும் சாவு பாதியா குறைஞ்சுது, அதனாலதான் ஒரு நாள் முன்னாடி போன் பண்றதுக்கு இவ்ளோ சொல்றேன். ஊசி குறைஞ்சது 10 முதல் 14 நாள், சீழ் பெருசா இருந்தா, எலும்பு, மூளைன்னா இன்னும் பல வாரம், அதுக்கப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைஞ்சது 3 மாசம். டோஸெல்லாம் எடை, கிட்னி பாத்து அங்க முடிவு பண்ற விஷயம், இங்க எழுதல. இன்னொண்ணு, சரியான மருந்து போட்டும் காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், சீழ் இருந்தா இன்னும் இழுக்கும். நாலாம் நாள் "வேலை செய்யல"ன்னு மருந்தை மாத்திட்டு லேப்பை திட்டறவங்க இருக்காங்க. வீட்டுக்கு போனதும் காய்ச்சல் போச்சேன்னு மாத்திரையை நிறுத்திடுவாங்க, திரும்ப வர்றதுக்கு முதல் காரணமே அதுதான், டிஸ்சார்ஜ் அன்னைக்கு வீட்டம்மாவையும் உக்கார வெச்சு சொல்லி அனுப்புங்க.

கேஸ் உறுதியானதும் வயிறு, இடுப்பு சிடி எடுக்காம விட்டுடாதீங்க, நெஞ்சு படத்துல நிமோனியா மட்டும் இருந்தாலும் சரி. மறைஞ்சு கிடக்கற சீழை எடுக்கலன்னா மருந்து மட்டும் பத்தாது.

கல்ச்சர் நெகட்டிவ் வந்தா என்ன பண்றது? கல்ச்சரோட சென்சிடிவிட்டி சுமார் 60 சதவீதம்தான்னு தாய்லாந்துல கணக்கு போட்டிருக்காங்க, அதாவது நோய் இருக்கற பத்து பேர்ல நாலு பேரை ஒரு ரவுண்டு கல்ச்சர் கோட்டை விடலாம். சந்தேகம் பலமா இருந்தா மறுபடி எல்லா சாம்பிளும் அனுப்புங்க, புதுசா சீழ் கட்டினா அதையும். நெகட்டிவ்னு ஒரு பேப்பர் வந்ததும் ஃபைலை மூடிடாதீங்க.

லேப்ல இருக்கறவங்களுக்கு கடைசியா ஒரு வேலை. போன வருஷ அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் ரெஜிஸ்டரை எடுங்க, இல்லன்னா சாஃப்ட்வேர்ல ஃபில்டர் போடுங்க, "சூடோமோனாஸ் ஸ்பீஷிஸ்", "செபேசியா", "நான்ஃபெர்மென்டர்" (சர்க்கரையை நொதிக்காத கிருமி)னு போன ப்ளட், சீழ் கல்ச்சர் எல்லாத்தையும் பிரிச்சு எடுத்து, ஜென்டமைசின் ஆர் (அடங்காது), கொலிஸ்டின் ஆர், கோஅமாக்சிகிளாவ் எஸ் (அடங்கும்)னு எத்தனை வரி வருதுன்னு பாருங்க. கோஅமாக்சிகிளாவ் போடவே இல்லன்னா, நான்ஃபெர்மென்டர் பேனல்ல பல லேப்ல போடறதில்ல, இந்த சீசன்ல இருந்து அந்த ஒரு டிஸ்க்கை சேர்த்துக்கங்க. பழைய ஐசொலேட் ஃப்ரீசர்ல இருந்தா கேபினெட் இல்லாம எடுத்து திறக்காதீங்க, முதல்ல ரெஜிஸ்டரை மட்டும் பாருங்க, சந்தேகமான வரி கிடைச்சா அந்த பேஷன்ட்டோட நம்பர் வார்டுல இருக்கும், இப்ப எப்படி இருக்காங்கன்னு கேளுங்க.